நாளொன்றுக்குத் தொண்ணூறு அடி நடந்த மேசை

நிந்தவூர் அப்துல் ஸமட் மௌத்தாகி அடக்கமான எட்டாம் நாள், பின்நேர அஸர் தொழுகை முடிந்த கையோடு, அவருடைய எழுத்து மேசை சுவரை விட்டு விலகி வாசல் வரை நடந்து போய் நின்றது. மறுநாள் அதே நேரத்தில் படியிறங்கி முற்றத்துக்கு வந்தது. மூன்றாம் நாள் கேற்றைத் தாண்டியது. அதன் பிறகு ஓர் ஒழுங்குக்கு வந்து, அஸருக்கும் அந்தி மஃரிபுக்கும் இடையில், நாளொன்றுக்குத் தொண்ணூறு அடி வீதம் வடக்கே நடந்தது. தொண்ணூறு என்பது குத்துமதிப்பல்ல. ஸமட்டின் ஒரே மகள் றிஸ்லா பாடசாலையில் கணிதம் படிப்பிப்பவள், அளவு நாடா பிடித்து அளந்தாள். கடும் மழை நாட்களில் எண்பத்தேழு வந்ததுண்டு, வெள்ளிக்கிழமைகளில் தொண்ணூற்று மூன்று. முன்னங்கால் இரண்டையும் ஒரு விரலளவு தூக்கி வைக்கும், பிறகு பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொள்ளும். பருத்த மனிதர் ஒருவர் மணலில் நடக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

முதல் வாரம் ஊரார் நாலு பேர் அதைத் தூக்கிக் கொண்டுவந்து பழைய இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த நாள் அது விட்ட தூரத்தையும் சேர்த்து நடந்ததில் இரண்டு கோழிகளும் ஒரு சைக்கிளும் சேதமாயின. பிறகு யாரும் தொடவில்லை. பிரதேச சபையிலிருந்து வந்த உத்தியோகத்தர், வீதியில் நிறுத்திய வாகனத்துக்குச் சட்டம் இருக்கிறது, நடக்கிற தளபாடத்துக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துப் போனார். மேசை பிரதான வீதிக்கு ஏறியதும் பஸ்காரர்கள் 'மேசையடி' என்று ஒரு தரிப்பிடத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தரிப்பிடம் தினமும் தொண்ணூறு அடி தள்ளிப் போனது. அதில் இறங்கி நடக்கவேண்டிய வயதானவர்கள் ஆரம்பத்தில் குறைப்பட்டார்கள், பிறகு தங்கள் வீட்டு வாசலுக்கு அது என்றைக்கு வரும் என்று றிஸ்லாவிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். மாரி தொடங்கியதும் யாரோ ஒரு தறப்பாள் போர்த்திவிட்டார்கள்.

ஸமட்டின் மனைவி ஸுஹைறா இதில் எதையும் கிட்ட நின்று பார்க்கவில்லை. அவர் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுப் படி தாண்டக் கூடாது. மேசை கேற்றைக் கடந்த அன்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மனிசன் போனதும் காணாதெண்டு இதுவும் போகுதே" என்று வாய்விட்டு அழுதார். பிறகு ஒவ்வொரு மாலையும் றிஸ்லா வந்து சொல்லும் கணக்கைக் கேட்டுக்கொண்டு இருந்தார். அது எங்கே போகிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நிந்தவூரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் அது தெரியும். வடக்கே காரைதீவு, அதைத் தாண்டினால் சாய்ந்தமருது, சாய்ந்தமருதில் ஸமட்டின் தம்பி மஜீட்.

சகோதரர்கள் இருவரும் கதைத்து முப்பத்தெட்டு வருடமாயிற்று. அவர்களுடைய வாப்பா, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையாக இருந்தவர். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று எழுதுவதற்காக, பழைய அரச பங்களா ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது ஓர் எழுத்து மேசை வாங்கினார். இலங்கையை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தது. ஓரங்களில் கருங்காலி, மேலே முதிரை மரம், ஒன்பது இழுப்பறை, ஒவ்வொன்றிலும் பித்தளைப் பிடி. பிள்ளைகள் இருவரும் அதன் அடியில் படுத்துத்தான் எழுத்துப் படித்தார்கள். இருவருக்கும் அதன் மேல் உயிர். வாப்பா யாருக்கு என்று சொல்லாமலே மௌத்தானார். அடுத்த வருடம், எண்பத்தைந்தில், ஸமட் நிந்தவூரில் கலியாணம் முடித்தார்.

இந்தக் கரையில் ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குத்தான் போவான். வீடு, காணி, கட்டில், அலுமாரி எல்லாம் பெண்ணுடையது. மாப்பிள்ளை கொண்டு போவது ஓர் உடுப்புப் பெட்டி. ஸமட் மட்டும் உடுப்புப் பெட்டியோடு, வெள்ளைத் துணியால் போர்த்திய ஒரு மேசையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று மஜீட் தங்கள் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு மேசை நின்றது. அச்சொட்டாக அதே மேசை. இருபத்திரண்டு வயதுப் பொடியனுக்கு விளங்கியது ஒன்றுதான்: மூத்தவரான காக்கா யாரையோ பிடித்து நகல் செய்து தனக்கு வைத்துவிட்டு, அசலைப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மஜீட் கேட்கவில்லை. ஸமட் சொல்லவில்லை. ஸமட் கொஞ்ச நாள் பின்நேரங்களில் சாய்ந்தமருதுக்குப் போய் வந்தார். கதவு திறபடாத வீட்டுக்கு ஒருவர் எத்தனை நாள்தான் போவது. நின்றுவிட்டார். மஜீட், நகலுக்கு இந்த மரியாதை போதும் என்று அந்த மேசையை ஆட்டுக்கொட்டிலில் போட்டு, இழுப்பறைகளைக் கழற்றி ஆடுகளுக்குப் பிண்ணாக்கு வைத்தார்.

ஜனாஸா அடக்கிய அன்று மஜீட் வந்தார். தொழுகைக்கு முன் வழமை போல, மௌத்தானவர் யாருக்காவது மனக்குறை வைத்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக் கொள்ளுங்கள் என்று கேட்கப்பட்டது. நின்றிருந்த இருநூறு பேரும் பொருந்திக் கொண்டோம் என்றார்கள். மஜீட் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் சொன்னார்கள், பொழுது படுவதற்குள் ஸுஹைறாவின் காதுக்கும் வந்துவிட்டது. பிறகு மஜீட் பள்ளிவாசல் நிர்வாகத்தின் மூலம் ஒரு செய்தி அனுப்பினார். வீடு ஸுஹைறாவுடையது, ஆகவே காக்காவுக்கென்று இருந்த சொத்து அந்த மேசை ஒன்றுதான். மார்க்கப்படி அதை எட்டாகப் பிரித்தால் மனைவிக்கு ஒன்று, மகளுக்கு நாலு, ஆண்பிள்ளை இல்லாதபடியால் தம்பிக்கு மூன்று. பெறுமதி தெரிந்த ஆளைக் கூப்பிட்டு அந்த மேசை என்ன மேசை என்று எழுத்தில் தாருங்கள். மஜீட்டுக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை, அவருக்கு நெல் ஆலை இருந்தது. அவருக்கு வேண்டியது அந்த எழுத்து.

ஸுஹைறா பள்ளிக்கு 'ஓம்' என்று சொல்லி அனுப்பிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. மேசை அசல் என்று எழுத்தில் வந்தால், தன் கணவர் உடன்பிறந்த தம்பியை ஏமாற்றியவராகக் கப்றுக் குழியில் கிடக்க வேண்டும். நகல் என்று வந்தால், ஒல்லாந்தர் மேசையோடு வந்த மாப்பிள்ளை என்று தானும் தன் வாப்பாவும் உறவெல்லாம் கூட்டிக் காட்டிய முப்பத்தெட்டு வருடமும் பொய். எது வந்தாலும் அந்த மனிதர் ஒரு பக்கத்தில் தோற்றுப்போவார். மஜீட் பொருந்திக்கொள்ளாமல் அவருடைய கப்று குளிராது என்றுதான் ஸுஹைறா நினைத்தார். ஊகமும் அழுகையும் போதும், உண்மை எதுவானாலும் வரட்டும், அதைக் கையில் வைத்துக்கொண்டு அவருடைய தம்பியிடம் கேட்பேன் என்று ஒரு முடிவுக்கு வந்தார்.

விலை மதிக்க வந்தவர் அக்கரைப்பற்று ஸஹீத். கொழும்பில் ஏலக் கம்பனி ஒன்றில் பத்தொன்பது வருடம் பழைய சாமான் பார்த்தவர். கலியாண வீட்டுக்குப் போனாலும் கதிரையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். இத்தா முடிந்த மறுநாள், தை மாத மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், ஸுஹைறாவும் றிஸ்லாவும் அவரைக் காரைதீவுக்குக் கூட்டிப் போனார்கள். நூற்றிருபத்திரண்டு நாளில் மேசை இரண்டு மைலுக்கு மேல் வந்திருந்தது. மீன் விற்கும் வல்லியம்மை அதன் மேல் கூடையை இறக்கி வைத்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். கணவருடைய மேசையை அத்தனை நாளுக்குப் பிறகு கண்ட ஸுஹைறா, மீன் ஈரத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

இது நடந்துதான் இங்கே வந்தது என்று றிஸ்லா சொன்னபோது ஸஹீத் குறிப்பேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடக்கிறத்துக்கெண்டு விலையைக் கூட்டேலா, தங்கச்சி. குறைக்கவும் ஏலா" என்றார். தறப்பாளுக்குள் குனிந்து, இழுப்பறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வீதியோரத்தில் அடுக்கினார். அடியைத் தட்டினார், மூலைகளை முகர்ந்தார், பிடிகளின் திருகாணிகளைக் கழற்றி வெயிலில் பிடித்தார். கூடிநின்ற காரைதீவுச் சனம் மூச்சு விடாமல் பார்த்தது. ஒரு பஸ் நின்று, சாரதியும் இறங்கி வந்து பார்த்தார். முக்கால் மணித்தியாலம் கழித்து ஸஹீத் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வேலை. மிச்சம் நல்ல வேலை. ஆனா அசல் இல்ல" என்றார். இழுப்பறையின் அடியில் பிளைவூட், ஒல்லாந்தர் பிளைவூட் கண்டதில்லை. கருங்காலி என்று நினைத்த ஓரங்கள் சாயம் பிடித்த தேக்கு. பூச்சி துளைத்த ஓட்டைகள்கூட இருந்தன. ஆனால் முப்பத்தாறும் ஒரே அளவு, ஒரே ஆழம். "பூச்சிக்கு இவ்வளவு ஒழுக்கம் கிடையாது. இது துறப்பணத்தால போட்ட ஓட்டை. மிஞ்சிப் போனா நாப்பது வருசம்." மஜீட் எதிர்பார்த்த எழுத்து இதல்ல என்பது எல்லோருக்கும் விளங்கியது. ஸுஹைறாவுக்கு வேறொன்று விளங்கியது. "என்னத்துக்கு எனக்கிட்டப் பொய் சொன்னாரு" என்று கேட்டார். மேசையைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஸஹீத் கடைசியாகக் கால்களைப் பார்த்தார். நடந்து நடந்து ஒன்றேகால் அங்குலம் தேய்ந்திருந்தன. நாலு காலுக்கும் கார் டயரில் வெட்டிய புத்தம்புதிய செருப்பு அடித்திருந்தது. இது யார் வேலை என்று கேட்டார்.

"நான்தான் தம்பி" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. தச்சுவேலை ஓடாவி முருகேசு. எண்பத்தொரு வயது, ஊன்றுகோல். "முந்தநாள் நம்மட ஒழுங்கை முடக்குக்கு வந்திச்சு. கால் தேயுதே எண்டு மனம் கேக்கல்ல. மேசையைச் செஞ்சதும் நான்தான்."

இதை இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று றிஸ்லா கேட்டாள்.

"கேட்டாத்தானே புள்ள சொல்லலாம்" என்றார் முருகேசு.

கேட்டபிறகு எல்லாவற்றையும் சொன்னார். எண்பத்தைந்தில் ஸமட் அவரைச் சாய்ந்தமருது வீட்டுக்குக் கூட்டிப் போய், இதே மாதிரி ஒன்று வேண்டும், கீறலும் ஓட்டையும்கூட விடக் கூடாது என்று கேட்டாராம். இரண்டு மாத வேலை. முடிந்ததும் முருகேசு, எதை மாப்பிள்ளை வண்டியில் ஏற்றுவது என்று கேட்டிருக்கிறார். "நீங்க செஞ்சதை ஏத்துங்க ஓடாவியார், அசல் தம்பிக்கு இரிக்கட்டும், அவன் சின்னவன், வாப்பாட மணம் அதுலதான் இரிக்கி எண்டார். தம்பியிட்டச் சொல்லல்லியா எண்டு கேட்டன். அவனுக்கு மேசையைத் தெரியும், பார்த்த உடன விளங்கும், சொன்னா வாங்க மாட்டான் எண்டார்." பெண் வீட்டில் கேட்டால் என்ன சொல்வது என்றும் முருகேசு கேட்டிருக்கிறார். ஸமட் சிரித்துவிட்டு, கேட்க மாட்டார்கள் என்றாராம். அது சரியாகவே நடந்தது. யாரும் கேட்கவில்லை. மாமனார் முதல் நாளே ஒல்லாந்தர் மேசை என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். புதுமாப்பிள்ளைக்கு அதை மறுத்துச் சொல்ல வெட்கம். தம்பியிடம் உண்மையைச் சொன்னால் அது மறுநாள் பெண் வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம். பிறகு தமிழரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்ட பிரச்சினைக் காலம் வந்தது. நிந்தவூரிலிருந்து ஒருவர் தமிழூரான காரைதீவைக் கடந்து போவதே பெரும்பாடாக இருந்த வருடங்கள். அதற்குப் பிறகு வெட்கம் பழகிப்போய்விட்டது. நல்லதைச் செய்துவிட்டு அதை ஒளித்தே கெட்டவரான மனிதர்களில் அப்துல் ஸமட்டை மிஞ்ச இந்தக் கரையில் ஆளில்லை. ஸுஹைறா வீதியோரத்தில் உட்கார்ந்து, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். வல்லியம்மை அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அன்று பகலே ஸஹீத் றிஸ்லாவோடு சாய்ந்தமருதுக்குப் போய் மஜீட்டின் ஆட்டுக்கொட்டிலில் குனிந்தார். இரண்டு ஆடுகள் இழுப்பறையில் வாய் வைத்திருந்தன, அவற்றை விலக்கிவிட்டுப் பார்த்தார். திருகாணியே இல்லை, எல்லாம் மர ஆப்பு. கால்களை ஆடுகள் கடித்திருந்த இடத்தில் உள்ளே கருகருவென்று கருங்காலி மின்னியது. பூச்சி ஓட்டைகள் கண்டபடி கிடந்தன. ஸஹீத் கொட்டிலுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார் என்று றிஸ்லா பிறகு சொன்னாள். மஜீட் வாசலில் நின்று, எழுத்து எங்கே என்று கேட்டார்.

"எழுத்து பிறகு. அசல் இதுதான். அங்க நடந்து வாறது நகல்" என்றார் ஸஹீத்.

மஜீட் சிரித்தார். றிஸ்லா ஓடாவியார் சொன்னதைச் சொல்லத் தொடங்கினாள். பாதியில் மஜீட்டின் சிரிப்பு நின்றது, முடியும்போது அவர் கொட்டிலுக்குள் முழந்தாளில் இருந்தார். பிண்ணாக்கு ஒட்டிய இழுப்பறைக்குள் முகத்தை வைத்து மோந்து பார்த்தார். முப்பத்தெட்டு வருடத்து ஆட்டு வாடைக்கு அடியில் வாப்பாவின் மையும் சுருட்டும் மணந்தன. பிறந்த நாள் தொட்டுத் தெரிந்த மேசையைக் கோபத்தால் தெரியாமல் போன கண்ணை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் அஸர் முடிந்ததும் மஜீட் காரைதீவுக்கு வந்தார். மோட்டார் சைக்கிளில் வரவில்லை, நடந்து வந்தார். மேசை அப்போதுதான் புறப்படத் தயாராகி முன்னங்காலைத் தூக்கியிருந்தது. ஸுஹைறா பக்கத்தில் நின்றார். நாலு மாதத்துக்கு மேலாக மனதுக்குள் சொல்லிப் பழகிய வசனம் அவரிடம் இருந்தது, தன் கணவரைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்கும் வசனம். அதற்கு அவர் வாயெடுக்கும் முன்னமே மஜீட் கையைக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றார்.

"மதினி, என்னைப் பொருந்திக்கங்க. காக்காக்காகவும் நீங்களே சொல்லுங்க, அவருக்கிட்டக் கேக்க எனக்கு வழி இல்ல."

ஸுஹைறா அவரைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். "நான் பொருந்திட்டன், தம்பி" என்றார். "உங்கட காக்கா உங்களைத் தேடித்தான் வாறாரு. அவருக்கிட்ட நீங்களே கேளுங்க." அப்போது வீதியில் நின்றவர்களில் அழாதவர் ஸஹீத் மட்டும்தான், அவரும் மூக்கைச் சீறினார்.

மதிப்பீட்டுப் பத்திரம் ஒரு கிழமைக்குள் வந்தது. 'நகல் எழுத்து மேசை, ஏறத்தாழ முப்பத்தெட்டு வருடப் பழமை, மிகத் தேர்ந்த கைவேலை, கால்கள் நடையால் தேய்ந்துள்ளன, விற்பனைக்கு உகந்ததல்ல' என்று எழுதி, விலை போடவேண்டிய இடத்தில் ஸஹீத் ஒரு கோடு இழுத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் கோடு இழுத்தது அந்த ஒரு தடவைதான் என்று பிறகு அக்கரைப்பற்றில் சொன்னார்கள். எட்டாகப் பிரிக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மஜீட் கொட்டில் மேசையைத் தன் கையாலேயே ஏழு வாளித் தண்ணீரில் கழுவி, முன் அறையில் வைத்து, பக்கத்தில் இன்னொன்றுக்கு இடமும் ஒதுக்கினார். ஆடுகள் ஒரு கிழமை கத்தின, பிறகு பிளாஸ்டிக் வாளிக்குப் பழகிக்கொண்டன.

மேசை இருந்த இடத்திலிருந்து மஜீட்டின் வாசலுக்கு இன்னும் நாலாயிரத்து எழுநூறு அடி. லொறியில் ஏற்றினால் பத்து நிமிடம். அதை யாரும் சொல்லவில்லை. மஜீட் தினமும் அஸருக்குப் பிறகு வந்து, மேசையின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார், நடக்கும்போது கதைத்தார். ஆலையில் நெல் வந்த கதை, உம்மாவின் கடைசி நாட்கள், பிள்ளைகள், தண்ணீர் முறைக்கு நடந்த சண்டை. தனக்குத்தானே கதைக்கிறார் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் இடையிடையே அவர் நிறுத்திக் கேட்பார், தலையாட்டுவார், சிலவேளை சிரிப்பார். அவர் சேர்ந்த முதல் நாள் மேசை தொண்ணூறு நடந்தது. இரண்டாம் நாள் எழுபது, பிறகு ஐம்பது, இருபது, கிழமைக் கடைசியில் பதினொன்று. றிஸ்லா நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டாள்.

"இந்தக் கணக்குக்கு வீடு போய்ச் சேர பதினாலு மாசம் செல்லும், சாச்சா."

"முப்பத்தெட்டு வருசத்துக் கதை கிடக்கு, மகள்" என்றார் மஜீட். "பதினாலு மாசம் காணுமா?"

காணாது, போதாது என்றுதான் மேசைக்கும் பட்டிருக்க வேண்டும். மறுநாள் அது ஒன்பது அடி நடந்தது.